பாவடித் தெருவுக்குக் குடிவந்த தூக்கம்

இந்துமதியை விட்டு அவளுடைய தூக்கம் வெளியேறிய வியாழக்கிழமைக் காலையில் பாவடித் தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடம் வைத்து நின்ற பெண்கள் யாரும் அது வருவதைப் பார்க்கவில்லை, ஆனால் ஒருவர் விடாமல் எல்லோர்மேலும் அது உரசிக்கொண்டு போனது. வெயிலில் காய்ந்த போர்வையை மடிக்கும்போது கைக்கு வருகிற சூடு போல ஒன்று, தேங்காயெண்ணெய் வாசனையோடு, முதலில் முழங்காலைத் தொட்டு, பிறகு இடுப்பைத் தொட்டு, எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாத விருந்தாளி போலத் தயங்கித் தயங்கி நடந்து, கடைசியில் ருக்குமணியின் தோளில் ஏறி உட்கார்ந்தது. ருக்குமணி இரவு ஷிப்ட்டு முடித்து நேராகக் குழாயடிக்கு வந்தவள். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள், பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள், குடத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். மற்றவர்கள் அவள் முறைக்கும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, முகத்தில் வெயில் விழாமல் ஒரு சாக்கைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

உச்சிப்பொழுதில் கண் விழித்த ருக்குமணி, "இது என்ற தூக்கமில்லீங்க, அர்த்தநாரியண்ணன் மகளோடது" என்றாள்.

"அதெப்படி உனக்குத் தெரியும்?" என்றான் டீக்கடை செங்கோடன்.

"உள்ள அர்த்தநாரியண்ணன் நிக்கறாரே."

அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அர்த்தநாரி இறந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. செத்துப்போன மனிதர் வந்து நிற்கிற தூக்கம் என்றால் அது அந்த வீட்டுத் தூக்கமாகத்தானே இருக்கும் என்று தெரு அந்த மத்தியானமே ஒப்புக்கொண்டது. அந்தத் தூக்கம் எவ்வளவு கெட்டி என்பதுதான் பேச்சாக இருந்தது. "என்னத்தைச் சொல்றது, பானைத் தயிராட்ட இருக்குது. நம்முளதெல்லாம் மோருங்க" என்று ருக்குமணி சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாவடித் தெருவில் தூக்கம் என்பது எப்போதும் மோர்தான். வீட்டுக்கு வீடு விசைத்தறி, தறி இல்லாத வீட்டில் தறிக்குப் போகிற ஆள், ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு, மறுவாரம் இரவு ஷிப்ட்டு, ஒருத்தர் எழுந்த கட்டிலில் சூடு ஆறும் முன்னால் இன்னொருத்தர் வந்து படுப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இங்கும் அங்கும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் தொண்டையால் பேசிப் பயனில்லை என்பதால் தெருவுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. வாயை அகலத் திறந்து, உதட்டையும் நாக்கையும் மட்டும் அசைத்து, குரலே இல்லாமல் பேசுவார்கள். பட்டறையில் பழகியது வீட்டுக்கும் வந்து, கல்யாணத்துக்கும் வந்து, சாவு வீட்டில்கூட இந்தக் கோடியில் நிற்கிறவள் அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் பிணத்தின் தலைக்கு மேலாகச் சத்தமில்லாமல் வம்பு பேசிச் சிரிக்க வைத்துவிடுவாள். பட்டறைக்குள் கால் வைத்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பேச்சைப் பட்டறைக்குள்தான் கற்றார்கள். கால் வைக்காத ஒரே பிள்ளை இந்துமதி.

அது அர்த்தநாரியின் உத்தரவு. மகள் பிறந்த அன்றைக்கே, இவள் காதில் இந்தச் சத்தம் ஏறக்கூடாது என்று சொன்னவர், அவள் சாப்பாட்டுத் தூக்குப் போசியைக் கொண்டுவந்தால்கூடப் பட்டறை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்துத்தான் வாங்குவார். அவள் பள்ளிக்கூடம் போனாள், கல்லூரிக்குப் போனாள், அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளானாள், தெரு முழுக்க உதடுகள் அசைந்துகொண்டிருக்க நடுவில் ஒன்றும் புரியாமல் நடந்து வளர்ந்தாள். வீட்டில் அப்பா பழக்கத்தில் உதட்டால் ஏதாவது சொல்வார். "சத்தமாச் சொல்லுங்கப்பா" என்பாள். அவர் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிடுவார்.

தூக்கம் அவளை விட்டுப் போனது ஒரு மாத்திரையால், அந்த விசயம் இப்படி. அரசுத் தேர்வில் ஏற்கனவே கொஞ்ச மதிப்பெண்ணில் தவறியிருந்தாள், இந்த முறையும் தவறினால் வயது இருக்கிறது ஆனால் தைரியம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வல்லாரைப் பொடியில் தொடங்கினாள். வெறும் வயிற்றில் பால் கலக்காத காப்பிக்குப் போனாள். பிறகு பயிற்சி மையத்தில் கூடப் படிக்கிற சுதன், டெல்லிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த ஒருத்தரிடம் வாங்கியது என்று ஒரு அட்டை வெள்ளை மாத்திரை கொடுத்தான். "தூக்கம் வராது, படிச்சது ஒட்டிக்கும். அவ்வளவுதான். நான் போட்டிருக்கேன், செத்தா போயிட்டேன்?" என்றான். அவள் பயந்த சுபாவம். ஆனால் பயந்தவர்களுக்கே உரிய ஒழுங்கும் இருந்தது. முதலில் பாதி, பிறகு நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் காத்திருப்பு, பிறகு முழுசு, கல்லூரிச் சோதனைக்கூடத்தில் உப்பைக் கரைத்துப் பார்த்த அதே கவனத்தோடு தன்னைக் கரைத்துப் பார்த்தாள்.

தூங்காவிட்டால் அப்பாவைப் பார்க்க முடியாது என்பது மட்டும் அவளுக்கு உறுத்தியது. அவர் இறந்ததிலிருந்து ஒவ்வொரு தூக்கத்திலும் வந்தார். அவள் பட்டறை வாசலில் நிற்பாள், உள்ளே நாலு தறிக்கு நடுவில் அவர் நிற்பார், தலைமுடியெல்லாம் பஞ்சு, அவளைப் பார்த்து உதட்டை அசைப்பார். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வட்டமாகக் குவிகிற அந்த வாய் தன்னைக் கூப்பிடுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த வார்த்தை கேட்டுவிடும் என்றும், அதைக் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்றும் நம்பினாள். தேர்வு முடியட்டும், அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்று சொல்லிக்கொண்டுதான் முழு மாத்திரையைப் போட்டாள். மறுநாள் காலை தூக்கம் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டது.

அதன் பிறகு தெரு தனக்குத் தெரிந்த ஒரே முறையில் அந்தத் தூக்கத்தை எடுத்துக்கொண்டது, ஷிப்ட்டு போட்டது. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் அதில் தூங்க முடியும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டதால், யாருக்கு எப்போது என்று செங்கோடன் டீக்கடையில் வாய்ப்பேச்சாகவே முடிவானது. இரவு ஷிப்ட்டு முடித்தவர்களுக்குக் காலை, கால் வீங்கினவர்களுக்கு முற்பகல், பகல் ஷிப்ட்டுக்காரர்களுக்குச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம், பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கேட்டபோதெல்லாம். தூக்கமும் பழகிவிட்டது, ஒருத்தர் கண் விழித்ததும் அடுத்த ஆள் வீட்டு வாசலுக்குத் தானே போய்ப் படுத்துக்கொண்டது, அது படுத்திருக்கிற இடத்தைத் தெருநாய்கள் சுற்றிக்கொண்டு போயின. பக்கத்துத் தெருவிலிருந்து இரவல் கேட்டு வந்தார்கள். "எங்க புள்ள கண்ணு முழிச்சுப் படிக்குது, அந்தக் கஷ்டத்துல வந்தது, ஊருக்கெல்லாம் தர முடியாதுங்க" என்று செங்கோடன் திருப்பி அனுப்பினான். இந்துமதியைப் பார்த்தால் எழுந்து நின்று டீ கொடுத்தான். "அம்மிணி, நல்லாப் படி. தூக்கத்தைப் பத்திக் கவலைப்படாத, நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

இந்துமதிக்குச் சந்தோசமாகவே இருந்தது. படித்த பக்கம் கண்ணுக்குள் அப்படியே நின்றது. மாதிரித் தேர்வில் முதலாவதாக வந்தாள். சுதனே அவளிடம் சந்தேகம் கேட்டான். ஆனால் நாட்களுக்கு நடுவில் தூக்கம் இல்லாததால் அவளுக்கு நாட்களே இல்லாமல் போயின. அந்த வியாழக்கிழமை முடியவே இல்லை. வெளிச்சம் வந்தது, போனது, மறுபடி வந்தது, எல்லாம் ஒரே வியாழக்கிழமையாக இழுத்துக்கொண்டு போனது. எதுவும் நேற்று ஆகவில்லை, அதனால் எதுவும் மறக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளோடு பேருந்தில் முன்னால் உட்கார்ந்தவளின் ரவிக்கைத் தையலும், டீக்கடை ரேடியோவில் வந்த பற்பொடி விளம்பரமும், யாரோ யாரையோ திட்டியதும் எல்லாம் ஒரே உயரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே விடை வந்தது, பிறகு கேள்விக்கு முன்பே வந்தது, பிறகு யாரும் கேட்காதபோதும் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு மாத்திரையை விட்டுப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை, படிப்புதான் மங்கியது. பயந்துபோய் மறுபடி போட்டாள்.

தெருவும் மாறிக்கொண்டு வந்ததை அவள் கவனித்தாள். முன்பெல்லாம் அவள் தூக்கத்தில் தூங்கி எழுந்தவர்கள் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். இப்போது கையை உதறிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், தலைமுடியில் பஞ்சு இருந்தது. பகலில் குளித்து, புதுப் பாயில் படுத்த பச்சை உடம்புக்காரியின் தலையிலும் பஞ்சு. அவள் வந்தால் பேச்சு நின்றது. நிற்கவுமில்லை, குரல் மட்டும் நின்று உதடுகள் அசைந்தன. தன் அப்பா பெயரை மட்டும் அந்த உதடுகளில் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அப்பா உங்ககிட்ட என்ன சொல்றாருங்கக்கா?" என்று ருக்குமணியிடம் கேட்டாள்.

"என்ன சொல்றாரு, சும்மா நிக்கறாரு, போச்சாது போ" என்று ருக்குமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீர் நிறையாத குடம்.

அம்மாவிடம் கேட்டாள். பாவாயிக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட்டு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் முந்தானையை விரித்துப் படுத்து, தன் முறைத் தூக்கத்தைத் தூங்கி எழுந்து, முடியில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போவாள். ஒரு நாளும் முறை தவறவில்லை. எழும்போது அவள் முகம், வெளியூர் போய்விட்டு வந்தவள் முகம் போல இருந்தது. "படிக்கற வேலையைப் பாரு கண்ணு" என்றாள், மகளுடைய கண்ணைப் பார்க்காமல்.

கடைசியில் மாதேசுதான் சொன்னான். அர்த்தநாரி இறந்த அன்று அவருக்கு அடுத்த ஷிப்ட்டுக்கு வந்திருக்க வேண்டியவன் அவன். பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், வரவில்லை. ஓடுகிற தறியை அடுத்த ஆள் கையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பாவடித் தெரு வழக்கம், அதனால் அர்த்தநாரி ஒரு ஷிப்ட்டு முடித்து அடுத்ததிலும் நின்றார். நின்றுகொண்டே இருந்தவர் ஒரு சமயம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தறி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்துமதி டீக்கடை பெஞ்சில் மாதேசுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் எழுந்து போக முடியாமல் காலை நீட்டிக்கொண்டு, "அண்ணா, எனக்குத் தூக்கம் வராது. நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருப்பேன், எத்தனை நாளானாலும்" என்றாள். அது மிரட்டல் இல்லை, அவளால் அது முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மாதேசு டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உள்ள போனா, மாத்துக்கு ஆள் வரலையா மாதேசுங்கறாரு உங்கப்பா. வேற ஒண்ணுமே கேக்கல, கோவிக்கக்கூட இல்ல. செத்த அன்னைக்கிருந்து அந்த நாலு தறியையும் ஓட்டிட்டே நிக்கறாரு அம்மிணி. ஒண்ணுக்குப் போகல, ஒரு வாய் டீ குடிக்கல. உன்ற தூக்கத்துக்குள்ள போன நாங்கெல்லாம் பாத்துட்டு எப்படிச் சும்மா வர்றது? இந்தத் தெருவுல அவரு மாத்துக்கு நிக்காத ஆளு யாரு? என்ற பொண்டாட்டி பிரசவத்துக்கு ரெண்டு ஷிப்ட்டு நின்னாரு. அதுதான் சித்த நேரம் சித்த நேரம் நாங்க நிக்கறோம். அவரு அந்த நேரத்துக்கு உக்காந்து கால நீட்டறாரு."

"தூங்கப் போனா அங்கயும் தறி. என்ற பொழப்பப் பாரு" என்றான் செங்கோடன், சிரிக்க வைக்கிற எண்ணத்தில்.

"இதை ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றாள் இந்துமதி.

மாதேசு மற்றவர்களைப் பார்த்தான். எல்லோருடைய உதடும் ஒரே சமயத்தில் அசைந்து அடங்கியது. "அவருதான் சொல்லக்கூடாதுன்னாரு. யாரு வேணாலும் மாத்துக்கு வாங்க, புள்ள மட்டும் வரக்கூடாதுங்கறாரு. இத்தனை நாளும் அது வாசல் வரைக்கும் வந்து நிக்குது, போ போன்னு சொல்லியும் போக மாட்டேங்குதுன்னு எங்ககிட்டச் சொல்லி அழறாரு."

இந்துமதி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வட்டமாகக் குவிகிற அந்த வாயைத் தன் உதட்டில் செய்து பார்த்துக்கொண்டே நடந்தாள். போ. போ. வா என்று சொன்னால் வாய் அப்படிக் குவியாது என்பது இந்த ஒரு வருசத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "நான் நிறுத்தப் போறேம்மா. நிறுத்தி என் தூக்கத்தை வாங்கிட்டு அப்பாவைப் பாக்கப் போறேன்." பாவாயி பதில் சொல்வதற்குள் தெரு வாசலில் கூடிவிட்டது.

"சாமி, அவசரப்படாத" என்று ருக்குமணி கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வாங்கிக்கிட்டா அது உன்னதாயிரும். அப்பறம் நாங்க யாரும் உள்ள போக முடியாது. உனக்குத் தறி ஓட்டத் தெரியாது, உங்கப்பன் பேசறதும் புரியாது. அந்த மனுசன் மறுபடியும் ஒண்டியா நிப்பாரு, நீ வாசல்ல நின்னு பாத்துட்டு வருவ. அதுக்கா?"

"இன்னும் கொஞ்ச நாள் முழிச்சிரு" என்றான் மாதேசு. அவன் கைகூப்பியிருந்தான். "மாத்திரை தீந்துருச்சுன்னா சொல்லு, அந்தப் பையன் சுதனைப் புடிச்சு நான் வாங்கியாறேன். உனக்கும் படிப்பு நடக்கும், அவருக்கும் மாத்து நடக்கும்."

வெயில் ஏறிய வாசலில் தெரு மொத்தமும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது, ஒருத்தர் கண்ணிலும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டேதான் கேட்டார்கள். இப்படியே இவர்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் அன்போடு கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதும், தன்னால் இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் இந்துமதிக்குத் தெரிந்தது. அந்த முடியாத வியாழக்கிழமை தனக்கு முன்னால் நீண்டு கிடப்பதைப் பார்த்தாள்.

பாவாயி அட்டையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, சாக்கடையில் போட்டாள்.

"பாவாயக்கா!" என்றான் செங்கோடன்.

"என்னடா?" என்றாள் பாவாயி. "என்ற புருசனுக்கு மாத்து நிக்கறதுல உங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பங்கு. எனக்கு? கல்யாணம் பண்ணுன நாள்லருந்து அவரு பகல்னா நான் ராத்திரி, நான் பகல்னா அவரு ராத்திரி. கட்டில்ல அவரு படுத்த குழியிலதான் படுத்திருக்கேன், அவருகூடப் படுத்தது எத்தனை தடவைன்னு விரல் விட்டுச் சொல்லிப்போடுவேன். அவரு செத்தப்பறந்தான் நானும் அவரும் ஒரே பட்டறையில ஒண்ணா நிக்கறோம். தெனமும் மத்தியானம். அதையே நான் விடறேங்கறேன். உங்களுக்கென்ன?"

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மாத்திரை நின்றும் தூக்கம் தானாக இந்துமதியிடம் வரவில்லை. அது அவளை மறந்திருந்தது. வாசல்வரை வந்து, அவளை முகர்ந்து பார்த்துவிட்டு, பழகிய ஆட்களைத் தேடிப் போனது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பாவாயி வழக்கம்போலத் தன் முறையைத் தோளில் வாங்கிக்கொண்டு வந்தாள். தொட்டி ஓரத்துக்குப் போகவில்லை. உள்ளே வந்து கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள். கட்டிலில் இரண்டு பேருக்கு இடமில்லாததால் இருவரும் ஒருக்களித்துப் படுத்தார்கள், பாவாயியின் மூச்சு மகளின் கழுத்தில் பட்டது.

"நாடாவுக்குள்ள நூல் சுத்துன தார் தீந்தா மாத்தணும்" என்றாள் பாவாயி. "இழை அறுந்தா நாடா மோதறதுக்கு முன்னால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலையா அது. "போ. போயிப் பாத்துட்டு வா" என்றாள். தூக்கம் அம்மாவின் தோளிலிருந்து எழுந்து, சற்று நின்று, மகளின் தோளில் இறங்கியது. ஓடுகிற தறியைக் கை மாற்றிவிடுவது போலத்தான் இருந்தது, ஒரு இழை அறவில்லை.

பட்டறை வாசல். அதே சத்தம். இந்த முறை அவள் நிலைப்படியைத் தாண்டினாள்.

அர்த்தநாரி பார்த்துவிட்டார். வாய் குவிந்தது. போ. இரண்டு கையையும் நீட்டி அவளைத் தடுக்க ஓடிவந்தார், பாதி தூரம் வந்ததும் பின்னால் ஒரு தறியில் இழை அறுந்தது, ஓடிப்போய் முடிச்சுப் போட்டார், திரும்பினார், போ, அடுத்த தறியில் தார் தீர்ந்தது, ஓடினார். முளைக்குச்சியில் கட்டிய ஆடு போல நாலு தறியும் அவரை இழுத்து இழுத்துப் பிடித்தன. கிட்டத்தில் பார்க்கும்போது அவர் இமைகளிலும் பஞ்சு இருந்தது. அவள் ஒரு தறியின் அருகே போனாள். நாடா பாய்ந்து வந்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள். எங்கே தொடுவது என்று தெரியவில்லை. படித்த எதுவும் அங்கே உதவவில்லை, எல்லாம் நினைவில் இருந்தும். அப்பா அவளைப் பார்த்து அழுதுகொண்டே முடிச்சுப் போட்டார்.

அவளுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. சுவரில் ஒரு இரும்புப் பெட்டியும் அதில் கறுத்துப்போன ஒரு கைப்பிடியும் இருந்தன. போய் அதைக் கீழே இழுத்தாள்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி நாடா பாதி வழியில் நின்றது. அந்தப் பட்டறையில் அப்படியொரு அமைதி இருந்திருக்காது. பஞ்சு இறங்குகிற சத்தம்கூடக் கேட்பது போலிருந்தது. அர்த்தநாரி முடிச்சுப் போட்ட கையோடு அப்படியே நின்றார். கூரையைப் பார்த்தார். பிறகு அவள் ஒரு வருசமாகக் கேட்காத, கொஞ்சம் கரகரத்த குரலில் கேட்டார்.

"கரண்டு போயிருச்சா?"

இந்துமதியின் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"ஆமாங்கப்பா."

"எப்ப வருமாம்?"

"தெரியலீங்கப்பா. ஒண்ணும் சொல்லல."

"அப்பச் சரி" என்றார் அர்த்தநாரி. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், நெய்து அடுக்கியிருந்த துணிமேல் விரித்தார், இத்தனை நேரம் அவளை வராதே என்று தடுத்ததையே மறந்தவர் போல அவளைப் பார்த்துச் சிரித்தார். "வந்தா எழுப்பி உடு அம்மிணி. தூங்கிக் கெடந்தா மொதலாளி சத்தம் போடுவாரு." படுத்தார். சொல்லி முடிக்கும்போதே தூங்கிவிட்டார். அவள் கேட்க நினைத்தது எல்லாம் வாய்வரை வந்து நின்றது. குனிந்து அவர் இமையிலிருந்த பஞ்சை எடுத்தாள், எடுக்கும்போது அவர் விழித்துக்கொள்வாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கண் விழித்தபோது மறுநாள் மத்தியானம் ஆகியிருந்தது, அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், தெரு வாசலில் நின்றது.

"தூங்கறாரு" என்றாள் இந்துமதி.

"தறி?" என்றான் மாதேசு.

"நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டயா?" செங்கோடன் வாயைப் பிளந்தான். "ஓடற தறிய எப்படி நிறுத்துவ? யாரைக் கேட்டு?" கேட்டுவிட்டு அவனே யோசித்தான். வாசலில் நின்ற ஒவ்வொருவராக யோசித்தார்கள். மாறி மாறி உள்ளே போய் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியும். ருக்குமணி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு எங்கே அழுகையானது என்று யாரும் கவனிக்கவில்லை. மாதேசு செருப்பைக்கூட மாட்டாமல் நடந்து போய்விட்டான்.

இந்துமதி தேர்வு எழுதினாள். தூங்கியதால் நாட்கள் நேற்றாகத் தொடங்கியிருந்தன, அதனால் சிலது மறந்தும் இருந்தது. தெரிந்ததை எழுதிவிட்டு வந்தாள். தெரு தன்னுடைய மோருக்குத் திரும்பியது. தூக்கம் அதன்பின் இந்துமதியை விட்டு எங்கேயும் போகவில்லை. அவள் கண்ணை மூடினால் போதும், சத்தமில்லாத பட்டறையில், அடுக்கிய துணிமேல் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். தூக்கத்தில் அவர் உதடு எப்போதாவது அசையும். கைப்பிடியை மேலே தள்ளினால் எழுந்துவிடுவார், எழுந்தால் ஒரு வார்த்தை பேசலாம், அந்த ஒரு வார்த்தைக்கு நாலு தறியும் ஓட வேண்டும். ஒவ்வொரு தூக்கத்திலும் அவள் கை அங்கே போய்த் திரும்பியது.

பாவாயி எதுவும் கேட்கவில்லை, வெகுநாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவி, அப்போதுதான் விழித்திருந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு பஞ்சுகூட இல்லாத அவள் முடியைக் கோதிவிட்டாள்.

"எந்திரிச்சாரா?"

"இல்லம்மா."

"ஒருக்கா எழுப்பிப் பாரேன்" என்றாள். குரல் வெளியே வராமல் உதடு மட்டும்தான் பாதி அசைந்தது, ஆனால் இந்துமதிக்குப் புரிந்தது. "ஒரே ஒருக்கா. என்னக் கேக்கறாரான்னு."

இந்துமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கரண்டு வரலைம்மா."

பாவாயி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, தூக்குப் போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷிப்ட்டுக்குப் போனாள்.